பாதிக் கயிறு

பெரியப்பா இன்று கொண்டுவந்த சணல் கயிற்றின் ஈர வாடை மூக்கில் ஏறியதும், மூக்கண்டப்பள்ளியில் இப்போது தகரக் கொட்டகைகள் நிற்கும் இடத்தில் இருந்த எங்கள் சாமந்தித் தோட்டம், பனி சொட்டும் இலைகளோடும், கன்னடத்தில் ஒருவரையொருவர் வம்புக்கிழுத்தபடி பூப்பறிக்கும் பெண்களோடும் அப்படியே எழுந்து வந்தது.

சதுரமான தோட்டம் அது. அப்பா இறந்ததும் பெரியப்பா பங்கு பிரித்தார். ஒரு பக்கத்தை அளந்த கயிற்றை இரண்டாக மடித்து, அந்த நீளத்துக்குச் சாலையோர மூலையில் ஒரு சதுரம் போட்டு, "பாதிக் கயிறு, பாதி நிலம். சரிதானம்மா?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா தலையாட்டினாள். பள்ளியில் கட்டம் போட்டுப் பார்த்தபோதுதான், அப்படி நான்கு சதுரங்கள் தோட்டத்தில் அடங்கும் என்று எனக்குப் புரிந்தது. அந்தக் கால் பங்கில்தான் அம்மா கடைசிவரை குனிந்து பூப்பறித்தாள்.

மீதி முக்காலில் கொட்டகை கட்டிய பெரியப்பாவுக்கு இப்போது லாரி திரும்ப இடமில்லை.

"உன் மூலையில பாதிய வெலைக்குக் குடு கண்ணு."

"அளந்துடலாம் பெரியப்பா."

அவர் கயிற்றாலேயே என் மூலையின் ஒரு பக்கத்தை அளந்து, அதை இரண்டாக மடித்து, சதுரம் போட்டேன்.

"ஏய், இது கால்தான ஆவுது!"

"அப்ப அன்னிக்கும் தெரிஞ்சுதான் செஞ்சிருக்கீங்க."

கயிற்றைச் சுருட்டி அவர் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டைச் சாத்தினேன்.