கதவுக்கு வெளியே போட்ட டிக்

எங்கள் பழச்சாறு ஆலையில் அவருக்கு எக்ஸ்ரே அண்ணன் என்று பேர். வைத்தது லேபிள் பிரிவில் இருக்கும் நாங்கள்தான். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போனவர் திரும்பி வந்து மறுபடி இழுப்பார். தையல் கடையில் புதுச் சட்டையை வாங்கினால் அங்கேயே நின்று ஒவ்வொரு பொத்தானையும் முறுக்கிப் பார்ப்பார். மனைவி கட்டிக் கொடுத்த சாப்பாட்டு டப்பாவை வாசலில் திறந்து பார்த்துவிட்டுத்தான் பையில் வைப்பார். "விஷமா வெச்சிருக்கேன்?" என்று கேட்டுக் கேட்டு அந்த அண்ணி ஓய்ந்துவிட்டார். யாராவது அவரைப் பார்த்துச் சும்மா சிரித்துவிட்டால் போதும், அன்று முழுக்க மனுஷனுக்கு வேலை ஓடாது.

தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தபோது இன்னும் மோசம். பையன் முடிவெட்டிக்கொள்ளும் கடை, டீ குடிக்கும் இடம், பஸ் ஏறும் நிறுத்தம் என்று பின்னாலேயே அலைந்தார். தோண்டித் துருவியும் ஒரு குறை அகப்படவில்லை. அன்றோடு அந்த ஒரு ஆள் விஷயத்தில் மட்டும் சந்தேகத்தை மூட்டை கட்டி வைத்தார். கல்யாணம் முடிந்த கையோடு தன்னுடைய தொட்டிப் பிரிவிலேயே வேலையும் வாங்கிக் கொடுத்தார். இப்போது அந்த வேலைக்குத்தான் ஆபத்து வந்திருந்தது.

தொட்டிப் பிரிவின் வேலை சொல்வதற்கு எளிது. பெரிய எஃகுத் தொட்டியைக் காஸ்டிக் என்ற காரமருந்து கலந்த நீரால் கழுவி, நல்ல தண்ணீரால் அலசி, வடித்துவிட வேண்டும். பிறகு அடுத்த ஆள் வந்து பழச்சாற்றைத் திறந்துவிடுவார். ஒவ்வொரு படிக்கும் எதிரே டிக் போட ஓர் அட்டை உண்டு. நீராவியில் நனைந்துவிடும் என்று அதைக் கதவுக்கு வெளியே சுவரில் தொங்கவிட்டிருந்தார்கள்.

ஒரு நாள் மாப்பிள்ளையின் அட்டையில் எல்லா டிக்கும் இருந்தன. கழுவியாச்சு, அலசியாச்சு, வடிச்சாச்சு. எக்ஸ்ரே அண்ணன் அட்டையைப் பார்த்துவிட்டுச் சாற்றைத் திறந்தார். உண்மையில் தொட்டியில் காஸ்டிக் நீர் அப்படியே கிடந்தது. பாதி வேலையில் மாப்பிள்ளையை வேறு பம்ப் பார்க்கக் கூப்பிட்டுப் போயிருந்தார்கள். நல்லவேளை, பரிசோதனை அறையிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள், யார் வாய்க்கும் போகவில்லை. ஆனால் தொட்டியில் இருந்த சாறு முழுவதும் சாக்கடைக்குப் போனது. மாப்பிள்ளை பொய் டிக் போட்டார் என்று சொல்லி, விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். அட்டையை நம்பித் திறந்த அண்ணன் மேல் ஒரு குற்றமும் இல்லை என்றார்கள்.

அடுத்த வாரமே தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வந்து இறங்கினார். நடைமுறைகளைப் புதிதாக எழுதப் போகிறாராம். தொட்டி அறை மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "முதல்ல என்ன செய்வீங்க? அப்புறம்?" என்று எல்லாரையும் கேட்டார். அவ்வளவுதான், எக்ஸ்ரே அண்ணனுக்குத் தூக்கம் போயிற்று.

"வாயைப் புடுங்க வந்திருக்காங்க. எழுதிக்கிட்டுப் போய் நம்ம எல்லாருக்கும் சீட்டைக் கிழிப்பாங்க," என்றார் கேன்டீனில். "அட்டையில என்ன இருக்கோ அதை மட்டும் சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதீங்க."

இந்த விஷயத்தில் நாங்களும் அவர் கட்சிதான். கையில் பேனாவோடு வந்து இனிக்க இனிக்கப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கும் பற்றிக்கொண்டு வரும். மேடம் மேனேஜர் அறைக்குப் போனால் எங்களில் ஒருவர் கதவருகே நின்று ஒட்டுக் கேட்பார். மேடம் எங்களோடு உட்கார்ந்து டீ குடித்தால், எதற்கு இந்த நடிப்பு என்று பேசிக்கொள்வோம். தொட்டிப் பிரிவில் ஒருவர் விடாமல் கிளிப்பிள்ளை மாதிரி அட்டையை ஒப்பித்தார்கள். அண்ணன்தான் வாத்தியார்.

கடைசியாக அவர் முறை வந்தது. மேடம், "சொல்ல வேணாம், செஞ்சு காட்டுங்க," என்றார்.

அண்ணன் முழங்கை வரை ரப்பர் கையுறை மாட்டினார், ஏப்ரன் கட்டினார். தொட்டியைக் கழுவினார். அட்டைப்படி இப்போது டிக் போட வேண்டும். சொட்டச் சொட்ட வெளியே வந்து, கையுறையைக் கழற்றி, பேனாவைத் தேடி, டிக் போட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு உள்ளே போனார். அலசினார், திரும்ப வெளியே வந்தார். ஈரம் பட்டு அட்டை கிழிந்தது. வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆலை தொடங்கிய நாளிலிருந்து யாரும் இப்படிச் செய்ததில்லை. எல்லா டிக்கையும் முதலிலேயே போட்டுவிட்டுத்தான் எல்லாரும் கையுறை மாட்டுவார்கள். சூப்பர்வைசருக்கும் அது தெரியும், தெரியாத மாதிரி இருப்பார்.

மேடம் சிரிக்கவில்லை. "எப்பவும் இப்படித்தான் செய்வீங்களா?"

"இப்படித்தான்."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான்."

"சரிங்க. எல்லாரும் சரியாத்தான் செய்றாங்க, வீட்டுக்கு அனுப்பின அவர் ஒருத்தர்தான் தப்பா செஞ்சிருக்கார். அப்படித்தான் நான் எழுத முடியும்."

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. இது பொறியா, நிஜமா என்று அவருக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் பிரிவு முழுவதும் மாட்டும். சொல்லாவிட்டால் மாப்பிள்ளை ஒருவர் தலையில் எல்லாம் விடியும். அன்று சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார். மாப்பிள்ளை வெளியே வரவே இல்லை. தங்கைதான் கதவருகே நின்று கேட்டாளாம்:

"அண்ணே, டிக்கை எல்லாரும் முதல்லயே போடுவீங்கன்னு இவர் சொல்றார். நீங்களும் அப்படித்தானா?"

"ஆமாம்மா."

"அதை அங்க யாருமே சொல்லலையா?"

தங்கை அவர் முன்னாலேயே அழுதாள். அண்ணன் தண்ணீர் கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார்.

மறுநாள் காலை நேராக மேடத்திடம் போனார். போனவர் கதவுக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாராம், பழக்கம் போகுமா. எல்லாரும் டிக்கை முன்கூட்டியே போடுவதைச் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை.

"தொட்டிக்கு அடியில, உள்ள இருக்கறது தெரியற மாதிரி ஒரு கண்ணாடி இருக்குங்க. காஸ்டிக் இருந்தா நுரை தெரியும். யார் டிக் போட்டிருந்தாலும் நான் குனிஞ்சு பாத்துட்டுத்தான் திறப்பேன். அன்னைக்கு மட்டும் பாக்கல."

"ஏன்?"

"டிக் போட்டது எங்க மாப்ள."

மேடம் அவருக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "கண்ணாடியில பாக்கணும்னு அட்டையில எழுதியிருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லீங்க. அது என் சொந்தப் புத்தி."

மேடம் எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லி அடம்பிடித்தார் அண்ணன். ஒருவர் பேரும் அதில் இல்லை என்று தெரிந்த பிறகும், பக்கத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

விஷயம் வெளியே வந்தபோது தொட்டிப் பிரிவில் பாதிப்பேர் அவரோடு பேச்சை நிறுத்தினார்கள். காட்டிக் கொடுத்துவிட்டார் என்று எனக்கும் கோபம்தான். ஆனால் யாருக்கும் சீட்டுக் கிழியவில்லை. காகித அட்டை போய், நனையாத பலகை ஒன்று தொட்டிக்குப் பக்கத்திலேயே வந்தது. கையுறையோடு பிடிக்கத் தடித்த மெழுகுப் பென்சிலும் வந்தது. ஒரு வேலை முடிந்தால் ஒரு டிக், அடுத்ததற்கு அடுத்தது. கடைசி வரியில் பெரிய எழுத்தில், சாறு திறப்பவர் டிக்கைப் பார்த்தால் போதாது, கண்ணாடியில் தன் கண்ணால் பார்த்த பிறகே திறக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. இதை முதலிலேயே எழுதித் தொலைத்திருந்தால் என்ன என்று நாங்கள் முணுமுணுத்தோம். மாப்பிள்ளையைத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

வந்த முதல் நாள் மாப்பிள்ளை பார்த்துப் பார்த்துத் தொட்டியைக் கழுவினார். ஒவ்வொரு படியும் முடிந்த பிறகே டிக் போட்டார். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, "வடிச்சாச்சு மச்சான், திறங்க," என்றார்.

அண்ணன் திறக்கவில்லை. ஈரத் தரையில் முட்டி போட்டு, டார்ச்சை அடித்து, கண்ணாடிக்குள் வெகுநேரம் பார்த்தார். மாப்பிள்ளையின் முகம் வாடிவிட்டது.

"எம்மேல சந்தேகமா மச்சான்?"

அண்ணன் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அன்னைக்கே சந்தேகப்பட்டிருந்தா தங்கச்சி அழுதிருக்க மாட்டா மாப்ளே."