பன்னிரண்டு பத்துக்கு நிற்கும் மிஷின்

இதை நம்பும்படி நான் யாரையும் கேட்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், அவ்வளவுதான். இதில் உள்ள நேரங்களில் ஒரு நிமிடம்கூட முன்பின் இருக்காது. பதினாறு வருடம் மில்லில் ஷிப்ட் பார்த்தவள் நான். எந்தத் தூக்கத்தில் விழித்தாலும் கண் முதலில் கடிகாரத்துக்குத்தான் போகும்.

என் வீட்டுக்காரர் பெயர் சாம்சன். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரீசியன். நுரையீரல் இறுகிக்கொண்டே போகும் நோய் வந்து, போன வருடம் ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். பதினோரு நாள் ஐ.சி.யு. பில் இரண்டு லட்சத்து எண்பத்து நாலாயிரம். மீதியைக் கட்டிவிட்டு உடம்பை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கவுண்டரில் சொன்னார்கள். என் தம்பி சேத்தூருக்கு ஓடி, அவன் மனைவியின் வளையலை அடகு வைத்துப் பணம் கொண்டுவரும்வரை அவர் அங்கே குளிரில் கிடந்தார். பில்லில் ‘கையுறை, நாற்பத்தாறு ஜோடி’ என்று ஒரு வரி இருந்தது. அழுவதற்குப் பதிலாக அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தால், ஆக்ஸிஜன் மிஷின் நிற்கிறது.

கரண்டில் ஓடி, காற்றிலிருந்தே ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மிஷின் அது. முழங்காலுக்கு மேல் உயரம். கீழே சக்கரம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடையில் மாத வாடகைக்கு எடுத்தோம். அட்வான்ஸ் பதினைந்தாயிரம். ஓடும்போது புஸ்ஸ்... ம்ம்ம்... புஸ்ஸ்... என்று சத்தம் வரும். பிளஸ் டூ படிக்கும் என் மகள் ஜாஸ்மினுக்கு அந்தச் சத்தம் தொந்தரவு. அதனால் அதை அடுப்படி வாசலில் வைத்து, நீளக் குழாய் போட்டு, முன்னறையில் இருந்த அவர் கட்டில் வரைக்கும் கொண்டுவந்திருந்தோம். ஜாஸ்மின் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பாள், தூங்குவாள்.

ஏப்ரலில் அவர் படுத்த படுக்கையாகிவிட்டார். ஒருக்களித்துப் படுக்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டும். பகலில் அவரைப் பார்த்துக்கொள்வதற்காக நான் மூன்றாம் ஷிப்ட் கேட்டு வாங்கினேன். ராத்திரி பன்னிரண்டிலிருந்து காலை எட்டு. சம்பளமும் வேண்டும், ஆளும் வேண்டும், வேறு என்ன செய்வது? அவர் போன பிறகு பகல் ஷிப்டுக்கு மாறினேன். நான்கு மாதத்துக்குப் பின் அப்போதுதான் ராத்திரியில் என் வீட்டில் படுத்தேன்.

ஆகஸ்ட் பத்தொன்பது. தூக்கத்தில் ஒரு சத்தம்.

டக்.

சுவிட்ச் தட்டும் சத்தம். விழித்தேன். மணி 12.10. மின்விசிறி நின்றுகொண்டிருந்தது. கரண்டு போகவில்லை, தெருவிளக்கு எரிகிறது. எழுந்து பார்த்தால் சுவிட்ச் அணைந்திருக்கிறது. மறுபடி போட மனமில்லாமல் வேர்வையோடு படுத்துவிட்டேன். அசந்துவிட்டேன் போலிருக்கிறது. இன்னொரு டக். மின்விசிறி தானாகச் சுற்றியது. மணி 4.40.

மறுநாள் ராத்திரி ஃபிரிட்ஜ். காலையில் மாவு புளித்துப் பொங்கிக் கிடந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு ஜாஸ்மின்தான் கிடைத்தாள்.

“ஏட்டி, ஃபிரிட்ஜ எதுக்கு நிப்பாட்டுன?”

“நான் ஏம்மா நிப்பாட்டப் போறேன்?”

“பின்ன யாரு, பூனையா வந்து நிப்பாட்டுச்சு? ஒங்கப்பா புத்தி அப்படியே வந்திருக்கு ஒனக்கு.”

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

அவர் நடமாடிய காலத்தில் அதுதான் வேலை. ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் பொறுக்காது. அடுத்த வீட்டு வாசல் விளக்கையும் போய் அணைத்துவிட்டு வருவார். போதாதற்கு, மிஷின் வந்த பின் மார்ச்சில் வந்த முதல் கரண்டு பில்லைப் பார்த்து நான் கத்தியிருக்கிறேன். யூனிட் ஐநூறைத் தாண்டிவிட்டது, அதற்கு மேல் ஒவ்வொரு யூனிட்டுக்கும் கரண்டு ஆபீஸ்காரன் தீட்டிவிடுவான். “இந்த மிஷினு நம்ம மூணு பேரையும் தின்னுட்டுத்தான் போகும்” என்று அவர் முன்னாலேயே சொன்னேன். அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதனால் எனக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. மூன்றாம் நாள் ராத்திரி 12.10க்கு டக் என்று கேட்டதும் இருட்டைப் பார்த்தே பேசினேன்.

“ஏங்க, செத்த பொறவுமா கரண்ட மிச்சம் பிடிப்பீங்க? அந்த மதுரைக்காரன் பில்ல நிப்பாட்டுங்க பாப்போம்.”

சேலை உரசுவது போல ஒரு சத்தம் கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் போனது. ஜன்னல் திரையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. அவர் எங்கேயும் போகவில்லை என்று.

இதற்கிடையில் மிஷினைத் திருப்பிக் கொடுக்க நான் பட்ட பாடு வேறு. போன் போட்டால் ஆள் வருகிறான் என்பார்கள். வர மாட்டான். வாடகை மட்டும் நாள் கணக்கில் ஏறும். செப்டம்பர் இரண்டாம் தேதி அரை நாள் லீவு போட்டுவிட்டு, பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய், தேரடிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கடையில் நின்றேன். முதலாளி கௌதம்ராஜ் சாப்பிட்டுவிட்டுப் பல் குத்திக்கொண்டிருந்தார்.

“பால்பாண்டி வருவாம்மா. அவன் வந்து மிஷின செக் பண்ணித்தான் எடுக்கணும்.”

“இருவது நாளா வருதான் வருதான்னுதான் சொல்லுதீங்க. காசியில இருந்தா நடந்து வருதான்?”

“ஏம்மா கோவப்படுதீங்க...”

“வாடகை மட்டும் தேதி தப்பாம வருதுல்ல அண்ணாச்சி? அதையே ஆளா அனுப்புங்க, மிஷின தூக்கிட்டு வரட்டும்.”

கடையில் நின்ற இன்னொருவர் சிரித்துவிட்டார். முதலாளி முகம் சுருங்கியது. “நாளான்னைக்குக் காலையில கண்டிப்பா வருவான்” என்றார்.

மறுநாள், செப்டம்பர் மூன்று. சாயங்காலத்திலிருந்தே மழை.

ஜாஸ்மினுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. அவருடைய நெஞ்சுதான் அவளுக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். இந்த வீட்டில் இன்னொரு மூச்சு நிற்கக் கூடாது. அதைத் தவிர நான் ஜெபத்தில் எதுவும் கேட்பதில்லை.

11.50. உள்ளறையில் விசில் மாதிரி சத்தம். போய்ப் பார்த்தால் ஜாஸ்மின் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறாள். கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. இன்ஹேலரை அழுத்தினேன். வெறும் காற்று. தீர்ந்திருந்தது. அவள் என்னிடம் சொல்லவில்லை. வாங்கக் காசு கேட்கத் தயங்கியிருக்கிறாள்.

ஆட்டோவுக்குப் போன் போட்டேன். “மழையா இருக்குக்கா, செத்த நேரத்துல வாரேன்.”

அவள் உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த நிறம் தெரியும்.

அடுப்படி வாசலில் மிஷின். வயரைப் பிரித்துச் சொருகினேன். 12.04. பீப் என்றது. புஸ்ஸ்... ம்ம்ம்... அவளை அவர் கட்டிலிலேயே உட்காரவைத்து, குழாயை மூக்கில் வைத்தேன். முதுகைத் தடவினேன். நிறம் திரும்பியது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

12.10.

டக்.

மிஷின் நின்றது.

ஓடிப்போய்ப் போட்டேன். பீப். புஸ்ஸ்...

டக்.

“ஏங்க... வெளையாடாதீங்க. நம்ம பிள்ள.”

மறுபடி போட்டேன். இந்த முறை சுவிட்சின் மேல் என் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்தேன்.

என் கை மேல் ஒரு கை.

குளிர்ந்து... காய்ந்து... சின்னதாக...

அவருடைய கை பெரியது. ஏணி பிடித்துத் தடித்த கை. நோயில் இப்படி வற்றிவிட்டதா என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு ஓடியது.

அது அழுத்தியது. என் விரல்களோடு சேர்த்து.

டக்.

“பில்லு வந்தா நான் கட்டிக்கிடுதேன்! எம்புட்டு வந்தாலும் கட்டுதேன்! கைய எடுங்க!”

எடுக்கவில்லை.

பின்னால் ஜாஸ்மினின் விசில் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. குறையக் கூடாத சத்தம் அது...

12.19. ஆட்டோ ஹாரன்.

கையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். அவளைத் தூக்கினேனா, இழுத்தேனா என்று நினைவில்லை. கதவைப் பூட்டியது மட்டும் நினைவிருக்கிறது. மிஷின் அணைந்திருந்தது. அதை நன்றாகப் பார்த்தேன்.

பெரியாஸ்பத்திரியில் மருந்துப் புகை வைத்து, ஊசி போட்டார்கள். பிழைத்துக்கொண்டாள். விடியும்வரை பெஞ்சில் உட்கார்ந்து அவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். மகளுக்குக் காய்ச்சல் என்றால் ஷிப்டை விட்டு ஓடிவரும் மனுஷன். ரெண்டு யூனிட் கரண்டுக்காகவா இப்படி? அவ்வளவு வெறுப்பா என் மேல்?

காலை 8.25க்கு வீட்டைத் திறந்தோம்.

புஸ்ஸ்... ம்ம்ம்...

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலில் குழாய் மட்டும் கிடந்தது.

நான் அதைத் தொடவில்லை. ஜாஸ்மினும் நானும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தோம். சொன்னது போல அன்றைக்கு 11.40க்கு பால்பாண்டி வந்தான். அவன்தான் உள்ளே போய் நிறுத்தினான். மாதம் ஒரு முறை ஃபில்டர் சுத்தம் செய்ய வருகிற பையன்தான். மிஷினைச் சாய்த்து, அடியில் இருந்த ஒரு சின்ன மீட்டரைப் பார்த்து அட்டையில் குறித்துக்கொண்டான். போனில் ஏதோ கணக்குக் கூட்டினான். மறுபடியும் கூட்டினான்.

“அக்கா, ராத்திரி மிஷின நிப்பாட்டி வைப்பீங்களோ?”

“இல்ல தம்பி. இருவத்திநாலு மணி நேரமும் ஓடும்.”

“மீட்டரு அப்படிச் சொல்லலையே. எம்புட்டு மணி நேரம் ஓடுதோ அதத்தான் இது காட்டும். ஜனவரியில இருந்து மார்ச்சு வரைக்கும் சரியா இருக்கு. ஏப்ரல்ல நூத்தி முப்பத்தஞ்சு மணி நேரம் கொறையுது. மே மாசமும் அப்படித்தான். ஜூனும். ஒரு நாளைக்கு நாலரை மணி நேரம்.”

“அப்பல்லாம் நீ சொல்லலையே?”

“எழுதிட்டுப் போயிருவேங்க்கா. கணக்குப் பாக்குறதில்ல. மொதலாளி இன்னைக்குத்தான் மொத்தமா போட்டுக் கேட்டாரு.”

“கரண்டு போயிருக்கும்.”

“தெனமும் நாலரை மணி நேரமா? கரண்டு போனா இது கத்துற கத்துல தெருவே முழிச்சுக்கிடும். சுவிட்ச அமத்துனாத்தான் சத்தமில்லாம நிக்கும்.”

நாலரை மணி நேரம். பன்னிரண்டு பத்திலிருந்து நாலு நாற்பது.

ஏப்ரலிலிருந்து நான் ஷிப்ட் முடிந்து வரும்போதெல்லாம் அவர் உதடு நீலமாக இருக்கும். டாக்டர் ஒவ்வொரு முறையும் கேட்பார், இருபத்துநாலு மணி நேரமும் ஓடுகிறதா என்று. ஓடுதுங்க என்பேன். அப்படியானால் நோய்தான் முற்றுகிறது என்று எழுதுவார்.

அவரால் எழுந்து போய் அணைத்திருக்க முடியாது. கையைத் தூக்கித் தண்ணீர் குடிக்கவே முடியாது.

பால்பாண்டி மிஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். நான் ஜாஸ்மினைப் பார்த்தேன்.

“ஏட்டி... நீயா?”

“சத்தியமா இல்லம்மா.” அவள் அழ ஆரம்பித்தாள். “அப்பா எங்கிட்ட ஒரு நா சொன்னாங்க.”

“என்ன சொன்னாங்க?”

“நீங்க வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டு, பன்னெண்டு மணிக்கு மேல திரும்பி வந்து மிஷின நிப்பாட்டிருதீங்களாம். தலையில சேலைய இழுத்துப் போட்டுக்கிட்டு கால்மாட்டுல உக்காந்துக்கிடுதீங்களாம். கூப்பிட்டாப் பேச மாட்டேங்கீங்களாம். விடியுறதுக்கு முன்னால போட்டுட்டுப் போயிருதீங்களாம். மருந்து மயக்கத்துல பேசுதாங்கன்னு நான் நெனைச்சேன்.”

“எங்கிட்ட ஏட்டி சொல்லல?”

“அப்பாதான் வேண்டாம்னாங்க. கரண்டு பில்லுக்குப் பயந்து செய்யுதா, பாவம், கேட்டா அவ மனசு தாங்காது, நான் பொறுத்துக்கிடுதேன்னாங்க.”

அந்த நான்கு மாதமும் ராத்திரி 11.50க்கு நான் மில் வாசலில் கைரேகை வைத்திருக்கிறேன். காலை எட்டு மணிக்கு முன்னால் அந்தக் கதவு யாருக்கும் திறக்காது.