சுரண்டப்பட்ட ஐந்து வரிகள்

இது சத்தியமாக நடந்தது. பேய் ராத்திரியில்தான் வரும் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்குச் சொல்கிறேன், எனக்கு நடந்தது பட்டப்பகலில். போன நவம்பர் ஒன்பதாம் தேதி, பிற்பகல் மூன்று பத்து. பவேரியாவில், ஒரு மடத்து நூலகம்.

கன்றுத் தோலில் எழுதிய, எண்ணூறு வருஷத்துப் புத்தகம் அது. அறையை இருட்டாக்கி, புற ஊதா ஒளியில் படம் எடுத்துக் கணினியில் ஏற்றினால், சுரண்டி அழித்த எழுத்தும் மங்கலாகத் தெரியும். விளக்கும் கேமராவும் என் பொறுப்பு. கடைசிப் பக்கத்தில் யாரோ என்றோ ஐந்து வரிகளைச் சுரண்டியிருந்தார்கள். முதல் வரி மட்டும் திரையில் தெளிந்தது: 'இதை எழுதியவள் கன்னியாஸ்திரீ ஓடிலா.'

ஆய்வை நடத்திய பேராசிரியர் க்ரொய்ட்னருக்கு முகம் வெளுத்துவிட்டது. எழுதியவர் துறவி கொன்ராட் என்று அடித்துச் சொல்லும் அவருடைய நூல் அப்போது அச்சில் இருந்தது.

"எல்ஸ்பெத், படத்தை அழிச்சிடுங்க."

"தோல்ல இருக்கே, புரொஃபசர்?"

"அதை நான் பாத்துக்கறேன். விளக்கைச் சாய்ச்சுப் பிடிங்க."

சின்னக் கத்தியை எடுத்தார். தடுத்திருக்க வேண்டும். ஆனால் அந்த மாதத்தோடு என் வேலை முடிகிறது. நீட்டிக்க அவர் கையெழுத்து வேண்டும். கோழை நான். பிடித்தேன்.

"பாவம் அவ..."

"செத்து எண்ணூறு வருஷமாச்சு. கேஸா போடப் போறா?"

சரக்... சரக்...

முடித்தார். கத்தியை மேஜையில் வைத்தார்.

சரக்... சரக்...

சத்தம் நிற்கவில்லை.

புத்தகத்தின் தோலைத் தொட்டேன். சுட்டது. காய்ச்சல்காரன் நெற்றி போல.

மூன்று பதினேழு.

"என் கையை... யாரோ..." என்று அலறினார் பேராசிரியர்.

விளக்கைத் திருப்பினேன்.

அவருடைய பத்து விரல் நுனிகளும் வழவழவென்று இருந்தன. ரேகை இல்லை. ஒரு சொட்டு ரத்தமும் இல்லை...

ஜனவரியில் அவர் இறந்தார். மாரடைப்பு என்றார்கள். கல்லறையில் வெட்டிய பெயர் மறுநாளே மறைந்துவிட்டதாம். மூன்று முறை வெட்டியும் நிற்கவில்லை என்று அவர் மனைவி போனில் அழுதார்.

நான் அந்தப் படத்தை அழிக்கவில்லை. போன வாரம்தான் மீதி வரிகளைக் கணினியில் தெளிவாக்கிப் படித்தேன்.

'என் பெயரைச் சுரண்டுகிறவனின் பெயர் கல்லிலும் நிலைக்காது.

முதலில் அவன்.

ஒரு வருஷம் முடியுமுன்,

அவனுக்கு விளக்குப் பிடித்தவள்.'

இன்று அக்டோபர் முப்பது.