கறுப்பு மணலில் படுத்திருந்த மீன்

என் தங்கையின் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். டிப்போவில் அவருக்குப் பெயர் 'கோடு'. ரோட்டு நடுவில் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டை ஒட்டியே ஓட்டுவார், இம்மி பிசகாது. இத்தனை வருட சர்வீஸில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். ஒரு தடவை சொன்னால் பரவாயில்லை, சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மற்றபடி மனிதர் தங்கம், என் தங்கையை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை.

அப்படிப்பட்டவருக்கு நரை விழுந்த வயதில் கடல் மீன் வளர்க்கும் ஆசை வந்தது. நான் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன், அதனால் தொட்டி என் தலையில் விழுந்தது. "நல்ல தடிமனா போடுங்க மச்சான், உப்புத் தண்ணி கண்ணாடிய அரிச்சிரும்" என்றார். கண்ணாடியை உப்பு அரிக்காது என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அவர் கேட்ட தடிமனிலேயே செய்து கொடுத்தேன். தொட்டி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த அன்றே அடியில் என்ன மணல் போடுவது என்று சண்டை ஆரம்பித்தது.

தங்கைக்குக் கறுப்பு மணல்தான் வேண்டும். அதன் மேல் ஆரஞ்சு மீன் பளிச்சென்று தெரியும், வெள்ளையில் வெளிறிப்போய்விடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். போதாததற்கு, வெள்ளை மணலில் மீன் போடும் கழிவெல்லாம் கண்ணை உறுத்தும். அதைச் சுத்தம் செய்யப் போவது யார்? அவள்தானே! மாப்பிள்ளையோ வெள்ளைதான் என்று ஒற்றைக் காலில் நின்றார். "கறுப்பப் போட்டா தொட்டி கிணறு மாதிரி ஆயிரும், ஒண்ணும் தெரியாது" என்பதே அவர் கட்சி. அவர்கள் மகள் எந்தப் பக்கமும் சேராமல் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கெட்டிக்காரி.

இருவரும் மாறி மாறி எனக்கு போன் செய்து முறையிட்டதில் நான் பொறுமை இழந்தேன். விரல் உயரத்துக்கு ஒரு கண்ணாடிப் பட்டையை வெட்டி, தொட்டியின் அடியில் நடுவே ஒட்டினேன். இடது பக்கம் கறுப்பு, வலது பக்கம் வெள்ளை. "கொஞ்ச நாள் பாருங்க. எது பிடிக்கலையோ அள்ளி வெளிய கொட்டுங்க, என் உயிர வாங்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தண்ணீர் பதமான பிறகு ஆரஞ்சு மீன் இரண்டும் கறுத்த மீன் ஒன்றும் வாங்கிவிட்டார்கள். கறுத்தது பாசி மேயும், மேய்ந்து முடித்தால் மணலில் வயிற்றை வைத்துப் படுத்துக்கொள்ளும். வேறு வேலை கிடையாது. அந்த வீட்டில் யாரோடும் வம்புக்குப் போகாதது அது ஒன்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். மாப்பிள்ளைக்குச் சாயங்கால டியூட்டி. காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மேஜைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தார்.

"என்ன மாப்ளே, நடக்கப் பழகுறீங்களா?"

"சிரிக்காதீங்க மச்சான். கறுப்பன் வெளிய குதிச்சுட்டான். காலையிலேர்ந்து காணோம்."

தொட்டியைப் பார்த்தேன். கறுப்பன் இடது பக்கத்தில், முன் கண்ணாடியை ஒட்டி, கறுப்பு மணல்மேல் சாவகாசமாகப் படுத்திருந்தான்.

"இந்தா இருக்கானே."

"எங்க?"

"உங்க மூக்குக்கு முன்னாடி."

அவர் எழுந்து வந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டினார். விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். தங்கை அடுப்படியிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள். "எப்பவும் இப்படித்தாண்ணா. அது இந்தப் பக்கம் வந்தா காணோம்பாரு, அந்தப் பக்கம் போனா வந்துட்டான்பாரு."

"அது மண்ணுக்குள்ள பூந்துக்குது. அதனாலதான் வெள்ளையே போடுவோம்னு தலபாடா அடிச்சுக்கிறேன்."

மீன் எதற்குள்ளும் புகவில்லை. நான் கண்ணாடியில் விரலை வைத்தேன். "என் விரலுக்கு நேரா பாருங்க."

உற்றுப் பார்த்தார். "மணல்தான் இருக்கு" என்றார்.

அந்த நேரம் கறுப்பன் வாலை ஆட்டிப் பட்டையைத் தாண்டி வெள்ளைக்குப் போனான். "அதோ! வந்துட்டான் பாருங்க!" என்று கை தட்டினார். தங்கை மறுபடி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"மாப்ளே, இருட்டுற நேரத்துல உங்களுக்கு ரோடு எப்படித் தெரியும்?"

"கோடு தெரியும். எதிர்ல வர்ற லைட்டு தெரியும். மத்ததெல்லாம் ஒரே கறுப்பாத்தான் இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தானே?"

"ஓரமா நடந்து போறவங்க?"

"அந்நேரத்துல யாரு மச்சான் நடக்குறா? ரோடு காலியாத்தான் கிடக்கும்."

அவர் ஓட்டும் ரோட்டை நான் அறிவேன். தையல் கம்பெனிகள் விடுகிற நேரம் அது. இரண்டு ஓரத்திலும் பெண்கள் வரிசையாக வீட்டுக்கு நடப்பார்கள். அந்தக் கூட்டத்தைத்தான் இந்த மனிதர் காலி ரோடு என்கிறார். தங்கையும் சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

"என்ன ரெண்டு பேரும் இப்படிப் பாக்குறீங்க? போன வருஷம்தான் கண்ணு டெஸ்ட் எடுத்தாங்க. கடைசி வரி வரைக்கும் கடகடன்னு வாசிச்சேன்" என்றார்.

வாசித்திருப்பார். வெள்ளைப் பலகை, கறுப்பு எழுத்து. வெள்ளை மணலில் கறுப்பனைக் கண்டுபிடித்தவர்தானே! அவரிடம் பேசிப் புண்ணியமில்லை என்று தோன்றியது. வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. தங்கை மகளை அழைத்து, சந்தில் எதிர்ச் சுவரோரம் போய் நிற்கும்படி காதோடு சொன்னேன். கருநீல உடை போட்டிருந்தாள். மாப்பிள்ளையை வாசலுக்குக் கூட்டிவந்தேன்.

"அங்க யாராவது நிக்கிறாங்களா?"

நிதானமாகப் பார்த்தார். "யாரும் இல்லையே."

"நல்லா பாருங்க."

"பாத்தாச்சு மச்சான். யாரும் இல்ல. நான் கிளம்புறேன், நேரமாச்சு."

"அப்பா" என்றாள் மகள்.

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது, சட்டென்று திரும்பினார். குரல் வந்த திசையில் முகத்தை இப்படியும் அப்படியும் ஆட்டித் தேடினார். "இங்கதான்ப்பா நிக்கிறேன்" என்று அழுதுகொண்டே அவள் நடந்து வந்தாள். வாசல் பல்பின் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்த பிறகுதான் அவளைப் பார்த்தார். பெற்ற பிள்ளையை ஒரு மனிதர் அப்படிப் பயந்து பார்த்து நான் கண்டதில்லை.

யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவரே போனை எடுத்து டிப்போவுக்குப் பேசினார்.

"சார், நான் இன்னிக்கு வண்டி எடுக்கல."

அந்தப் பக்கத்துக் குரல் எங்களுக்கும் கேட்டது. "ஏன்யா கோடு, காய்ச்சலா?"

"இல்ல சார். எனக்குக் கண்ணு தெரியல. இனிமே எடுக்க மாட்டேன்."

வேலை போய்விட்டது என்று அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. பஸ் அவர் இல்லாமல் கிளம்பப் போகிறது என்ற நிம்மதிதான் இருந்தது. "நல்ல காரியம் பண்ணுனீங்க மாப்ளே. இத்தன வருஷத்துல ஒரு கீறல் இல்லாம கழிஞ்சுதே, அது போதும்" என்று அவர் தோளைத் தட்டினேன்.

அவர் நிமிரவில்லை.

"மழக்காலத்துல ஒரு நாள், தையல் கம்பெனி வளைவுல, என்னமோ டொம்முனு மோதுச்சு" என்றார்.

தங்கை மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நிறுத்தலையா?" என்றேன்.

"நிறுத்துனேன் மச்சான். எறங்கிப் பாத்தேன். சுத்திச் சுத்திப் பாத்தேன், ஒண்ணுமே இல்ல."

"ஏதாச்சும் ஆயிருந்தா மறுநாளே தெரிஞ்சிருக்கும் மாப்ளே, போலீஸ் வந்திருக்கும்." சொன்னதில் எனக்கே நம்பிக்கை இல்லை. "கண்டக்டர் இருந்தாருல்ல? அவரு என்ன சொன்னாரு?"

"டார்ச்ச எடுத்துக்கிட்டு எறங்க வந்தாரு" என்றார். "நான்தான் வேணாம்னேன். நான் பாத்துட்டேன், ஒருத்தரும் இல்லன்னு சொல்லி வண்டிய எடுத்துட்டேன்."