பொதுத் தட்டில் அளவு தெரியாது

உடல் எடை குறைய, வயிற்றைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை செய்து ஐந்து கிழமைதான் ஆகியிருந்தது. ஒரு நேரத்துக்கு நாலு கரண்டி கஞ்சிக்கு மேல் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். வெட்கத்தில் என் கணவரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை.

கற்பிட்டியில் ஒரு கலியாணத்தின் வலீமா விருந்து. ஒரே சஹன் தட்டைச் சுற்றி ஆறு பெண்கள் இருந்தோம். புரியாணி வாசத்தில் என் புத்தி கெட்டது. பொதுத் தட்டில் யார் எவ்வளவு சாப்பிட்டார் என்று தெரியாது; எனக்கே தெரியவில்லை. வருடக்கணக்காக என் உடம்பைச் சொல்லிச் சிரித்த மதினி, இறைச்சியை என் பக்கம் தள்ளி, "நல்லாத் தின்னுங்க, நோயில கெடந்த வருத்தக்காரி மாதிரி வாடிப் போயிட்டீங்க" என்றார்.

சற்று நேரத்தில் நெஞ்சு அடைத்தது. கிணற்றடிக்கு ஓடி, கண் இருள வாந்தியெடுத்தேன். பின்னால் வந்த மதினி என் முதுகைத் தடவி, "அல்ஹம்துலில்லாஹ், கலியாணம் முடிச்சு ஒம்பது வருஷத்துக்குப் பொறகு வயித்துல ஒண்டு தங்கியிருக்கு" என்றார். கூடவே வந்த மாமி, என் கணவரின் உம்மா, அழுதே விட்டார்.

உண்மையைச் சொன்னேன். முதுகிலிருந்த கை விலகியது. ஒருவரும் ஒரு வாய் தண்ணீர்கூடத் தரவில்லை.

இப்போது விருந்துகளுக்கு என் சின்னக் கோப்பையைக் கொண்டுபோய், அளந்து போட்டு, தனியாகக் கதிரையில் இருந்து சாப்பிடுகிறேன். சஹனில் ஓர் ஆள் குறைந்தாலும் என்னைக் கூப்பிடுவதில்லை.