அம்மாள் வந்த மதில்

பெரியகல்லாற்றில் கோணாமலையைத் தெரியாதவர்களுக்கும் அவருடைய மதிலைத் தெரியும். கடலோடு கலக்கும் வாவியில் வலை வீசிப் பிழைத்த மனிதர். ஒரே மகள் கண்ணகை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. வீடு இல்லாவிட்டால் மாப்பிள்ளையும் இல்லை. பத்து வருடம் பாடுபட்டு ஒரு கல்வீடு கட்டினார். கட்டி முடித்த கையோடு அதைப் பூட்டித் திறப்பை மனைவி புஸ்பத்திடம் கொடுத்துவிட்டு, வளவு மூலையில் கிடுகுக் குடிசை போட்டு மூன்று பேரும் அதில் இருந்தார்கள். நாளைக்கு மகள் வாழப்போகிற வீட்டைத் தாங்கள் புழங்கி அழுக்காக்கக் கூடாதாம்.

வீட்டோடு நிறுத்தியிருக்கலாம். தெருப்பக்கம் ஒரு மதிலுக்கும் ஆசைப்பட்டார். மார்கழி மழையில் வாவித் தண்ணீர் உப்புக் குறைந்து நல்ல தண்ணீராகிவிடும். ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்து, அதிலேயே சாந்து குழைத்தார். தண்ணீரில் பிழை இருக்கவில்லை. மணல்தான், வாவி உப்பாகக் கிடக்கும் கோடையில் அதன் கரையில் வெட்டியது. மழையில் அள்ளுண்டு போகாமல் கவனமாக ஓலை போட்டு மூடி வைத்திருந்தார். மழையில் நனைந்திருந்தாலாவது அதன் உப்புக் கழுவுப்பட்டிருக்கும்.

அடுத்த கோடையில் பூச்சின் மேல் உவர் பூத்தது. சுண்ணாம்பு பொருக்குவிட்டது. சிரட்டையால் சுரண்டி, தாழம் விழுதை நைத்துச் செய்த தூரிகையால் மறுபடியும் பூசினார். இரண்டு மாதம் நின்றது. பிறகு மீன் செதில் மாதிரிக் கழன்று கழன்று விழுந்தது.

முப்பத்தெட்டாம் ஆண்டு நான் கொழும்பில் பட்டம் பெற்று ஊருக்கு வந்தேன். கையெழுத்துப் போடத் தெரியாத தகப்பனின் மகன், ஊரின் முதல் பட்டதாரி. அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு. வந்த மூன்றாம் நாள் கோணாமலை வாசலில் நின்றார்.

"மண்டூர்ல இருந்து கண்ணகையக் கேட்டிரிக்காங்க மனே. ஆவணியில திருவிழா முடிய வீடு பாக்க வாறாங்க. மதில் இப்பிடிக் கிடக்கு. நீ படிச்ச புள்ள, ஒரு வழி சொல்லு."

நான் படித்தது சரித்திரம். ஆனாலும் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. கொழும்பில் பங்களா மதில்கள் எண்ணெய்ப் பெயின்றில் பளபளத்ததைக் கண்டிருந்தேன்.

"சுண்ணாம்ப விடுங்க மாமா. பெயின்ற் அடிச்சா உப்பு வெளிய வராது."

"கேட்டியா புஸ்பம்? இதுக்குத்தான் படிக்கணுங்கிற!" என்று குடிசைப் பக்கம் திரும்பிக் கத்தினார்.

இளமஞ்சள் நிறம். ஒரு மாதம் ஊரே வந்து தடவிப் பார்த்தது. ஆவணியில் ஒரு மழை பெய்தது. மண்டூரார் வர நான்கு நாள் இருக்க, மதிலில் கொப்புளம் எழும்பத் தொடங்கியது. கோணாமலை ஊசியால் குத்தி நீரை எடுத்து, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினார். ஒன்று அமுங்க இரண்டு எழும்பின.

அவர்கள் தோணியில் வாவி கடந்து, வண்டி பிடித்து வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் தாய் அன்னப்பூரணி, அவள் தம்பி யோகராசா, இன்னும் நான்கைந்து பேர். யோகராசா பகிடிக்காரன்.

"அக்கா, இஞ்ச பாரு! மதிலுக்கு அம்மாள் வந்திரிக்கி. வேப்பிலை கட்டல்லையா கோணாமலையார்?"

எல்லாரும் சிரித்தார்கள். விருந்தாளி சொன்ன பகிடி என்று கோணாமலையும் சிரித்தார். அன்னப்பூரணி சிரிக்கவில்லை. படலைக்குப் பக்கத்தில் ஒரு கொப்புளம் உடைந்து நீர் வழிந்தது. உள்ளே வைத்த காலை அவள் வெளியே எடுத்தாள்.

"சிரிக்காத தம்பி. அம்மாள் நிக்கிற வளவுக்குள்ள நல்ல காரியத்துக்குப் போகப்படாது. அம்மை போடுறவ கண்ணகை அம்மாள். பொண்ணுக்கும் அவட பேர்தான்."

"ஐயோ மச்சாள், இது பெயின்ற்! இந்தத் தம்பி சொல்லித்தான் அடிச்சன். பட்டம் படிச்ச தம்பி. சொல்லு மனே!"

சொன்னேன். ஈரம், உப்பு, வெயில் என்று என்னவெல்லாமோ சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"நீ படிச்சிரிக்காய் மனே. எனக்கு ஒரே மகன்."

வண்டி திரும்பியது. அன்று காலையில்தான் திறந்த வீட்டின் வாசலில் புஸ்பம் பலகாரத் தட்டோடு நின்றாள். தட்டை இறக்கி வைத்துவிட்டு மறுபடியும் கதவைப் பூட்டினாள்.

தோணித் துறையில் கதை பரவியது. 'அம்மாள் வந்த மதில்' என்ற பேர் ஒட்டிக்கொண்டது. பிறகு இரண்டு இடத்தில் பேச்செடுத்தார்கள். இரண்டு இடத்திலும் வெற்றிலை திரும்பி வந்தது.

எட்டு வருடத்துக்குப் பிறகு, நான் படிப்பிக்கும் பள்ளியின் விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டேன். உப்பு பூச்சுக்குள்ளேயே இருக்கிறது, கல் தெரியுமட்டும் கொத்தி எடுத்து, ஆற்று மணலில் புதிதாய்ப் பூச வேண்டும், வேறு வழி இல்லை என்றார். போன தையில் அதைச் சொல்லப் போனேன். கோணாமலைக்குக் கூன் விழுந்திருந்தது. ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது.

"அப்ப பெயின்ற் பிழையா மனே?"

"ஓம் மாமா. நான் சொன்னதுதான் பிழை."

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மதிலைப் பார்த்துக்கொண்டு யோசித்தார்.

"கொத்திப் போட்டுக் கிடக்கிற நேரம் பாத்து ஆரும் வந்தா? நல்லாரிக்குமா?"

கண்ணகை குடிசை வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முப்பது வயது. சுளகிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்:

"ஆரப்பா வரப்போறா?"

அது கேட்காதவர் போலக் கோணாமலை சிரட்டையை எடுத்தார். உரிந்து தொங்கிய ஒரு துண்டைச் சுரண்டி விழுத்தினார்.

"நீ படிச்ச புள்ள," என்றார் என்னிடம். "இந்த முறை என்ன நிறம் அடிக்கலாம், சொல்லு."