ரத்தக் கஞ்சிக்காக 168 கிலோமீட்டர்

2010 பிப்ரவரியில் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சிதம்பரத்திலிருந்து கடலூர் முதுநகருக்கு இரண்டு முறை போய்த் திரும்பினேன். மொத்தம் 168 கிலோமீட்டர், பெட்ரோல் 190 ரூபாய். பிச்சாவரத்தை விட்டுவிட்டு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். பன்றி ரத்தம் வாங்கும் வேலை. முகம் சுளிக்கிறவர்கள் இந்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என் மாமியார் சைகோனில் பிறந்தவர். அத்தையின் அப்பா காரைக்கால்காரர், அம்மா வியட்நாம்காரர். பதினேழு வயதில் குடும்பத்தோடு புதுச்சேரி வந்தார். அண்ணன் பிரான்சுக்குப் போய், தங்கையையும் அங்கே அழைத்துக்கொள்ள எல்லா ஏற்பாடும் செய்தார். அத்தையோ சிதம்பரத்து வாத்தியார் ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். அந்த வாத்தியார்தான் என் மாமா. அண்ணன் கல்யாணத்துக்கு வரவில்லை. அதற்குப் பிறகு முப்பத்தோரு வருஷம் இந்த வீட்டு வாசலையும் மிதிக்கவில்லை. இந்தியா வந்தால் புதுச்சேரியில் ஓட்டலில் தங்குவார், அத்தை மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவார். இந்த முறைதான், ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்துவிட்டு நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவேன் என்று போனில் சொன்னாராம்.

அன்றிலிருந்து அத்தை ஒரு நிலையில் இல்லை. வியட்நாமில் பன்றி ரத்தத்தைப் பச்சையாகவே உறையவைத்து, வேர்க்கடலையும் தழைகளும் தூவிச் சாப்பிடுவார்களாம். சைகோனில் பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பம் அதையே வேகவைத்துத் துண்டு போட்டு, இஞ்சியும் மிளகும் சேர்ந்த அரிசிக் கஞ்சியில் போட்டு, சோயா சாஸ் ஊற்றிக் கொடுக்குமாம். அண்ணனும் தங்கையும் ஒரே கிண்ணத்தில் அடித்துப் பிடித்துத் தின்ற பண்டம். "அது ஒரு வாய் உள்ள போனா அண்ணன் எறங்கி வந்துடுவாரு மாப்ள" என்றார் அத்தை. மாமா பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சிதம்பரத்தில் கறி கிடைக்கும். ரத்தம் வேண்டுமென்றால் அறுக்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும். முதுநகரை ஒட்டி ஒரு கணவனும் மனைவியும் ஞாயிறுதோறும் கடை போடுகிறார்கள். மாமாவின் ஸ்கூட்டரில் காலை 4.30க்குக் கிளம்பி 5.40க்குப் போய்ச் சேர்ந்தேன். அந்த அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். இந்த ஆளுக்கு ஒன்றும் தெரியாது என்று புரிந்துகொண்டிருப்பார் போல. உறைந்த ரத்தத்தைக் கையாலேயே நன்றாகப் பிசைந்து, உப்பும் மஞ்சளும் போட்டு, தூக்கில் ஊற்றிக் கொடுத்தார். முப்பது ரூபாய். என்ன நல்ல மனசு என்று நானும் பல்லைக் காட்டிவிட்டு வந்தேன்.

7.15க்கு அத்தை தூக்கைத் திறந்தார்.

"இத யாரு மாப்ள பெசஞ்சது?"

நம்மூரில் ரத்தம் என்றாலே பொரியல்தான். பிசைந்தால்தான் உதிரி உதிரியாக வரும், அந்த அக்கா செய்த உதவி அதுதான். ஆனால் கஞ்சிக்கு ரத்தம் கட்டியாக உறைய வேண்டும். ஒருமுறை பிசைந்தால் மறுபடி சேராது. எட்டாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டபோதுகூட நான் இப்படி அசடு வழிந்ததில்லை. 

ஒன்பது மணிக்கு இன்னொன்று அறுப்பதாகக் கடையில் பேசிக்கொண்டது ஞாபகம் வந்தது. சொன்னதும் அத்தை புடவையைக்கூட மாற்றாமல், பாத்திரத்தில் உப்புத் தண்ணீரோடு வண்டியின் பின்னால் ஏறிவிட்டார். கடையில் சூடான ரத்தத்தை அந்தத் தண்ணீரில் வாங்கி, ஒரே ஒரு சுற்றுக் கிண்டி, முக்காலியில் வைத்துவிட்டு, இருபது நிமிஷம் பக்கத்தில் காவல் நின்றார். கடைக்கார அக்கா உதவிக்கு வந்தபோது, "யம்மா, புண்ணியமாப் போவும், கைய மட்டும் வச்சுடாதம்மா" என்றார். திரும்பும்போது பாத்திரம் அத்தை மடியில். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் எல்லாம் முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் முதுகில் ஒரு குத்து விழுந்தது.

வீட்டுக்கு வந்தபோது மணி 11.10. வாசலில் புது செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. அண்ணன் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டிருக்கிறார்! அத்தையிடமிருந்து பாத்திரத்தை நான் வாங்கிக்கொண்டேன். மாமாவும் அவரும் எப்படி முகம் பார்த்து உட்கார்ந்திருப்பார்களோ என்ற பயத்தோடு உள்ளே போனோம். கூடத்தில் யாரும் இல்லை. அடுக்களையில் மாமா, நான் பாழாக்கிய ரத்தத்தை வீணாக்க மனசில்லாமல் வாணலியில் வதக்கிக்கொண்டிருந்தார். பிரான்சுப் பெரியவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அது வெங்காயத்தால்தானா என்று நான் ஆராயவில்லை.

அத்தை கட்டியைத் துண்டு போட்டு, கொதிக்கவிடாமல் சிறு தீயில் அரை மணி வேகவைத்தார். கஞ்சியில் சேர்த்து, இஞ்சி, மிளகுத்தூள், வெங்காயத்தாள், சோயா சாஸ் எல்லாம் போட்டு அண்ணன் முன்னால் வைத்துவிட்டு நின்றார். அவர் ஒரு துண்டு எடுத்து மென்றார். ரொம்ப நேரம் மென்றார்.

"உப்பு கம்மி பாப்பா" என்றார்.

அத்தைக்கு முகமெல்லாம் சிரிப்பு. சைகோனிலும் அவர் ஒவ்வொரு தடவையும் இதையேதான் சொல்வாராம். அடுத்த கிண்ணத்துக்கு அவராகவே கையை நீட்டினார். இடையில் மாமாவின் பொரியலையும் விட்டுவைக்கவில்லை.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: ரத்தத்தை உங்கள் பாத்திரத்தில், உங்கள் உப்புத் தண்ணீரில் நேராகப் பிடியுங்கள். பச்சையாகச் சாப்பிடும் ஆசை வேண்டாம், உள்வரை வேகட்டும். தெரிந்த கடையாகப் பார்த்து ஆறு மணிக்குள் போய்விடுங்கள். புதுச்சேரியிலிருந்து வருகிறவர்களுக்குச் சிதம்பரம் 67 கிலோமீட்டர், பஸ்ஸில் இரண்டு மணி நேரம். சாயங்காலம் திரும்பவும் பஸ் நிறைய உண்டு.

நாலு மணி பஸ்ஸுக்காக நான் மூன்றரைக்கே வண்டியை வெளியே எடுத்து நிறுத்தினேன். பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மாமா பக்கம் திரும்பி, "மச்சான், கட்டிக்க ஒரு லுங்கி இருந்தா குடுங்க" என்றார்.

கேட்டது லுங்கிதான். மாமா பீரோவைத் திறந்து, ஒருமுறைகூடக் கட்டாத புது வேட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார்.